அம்மாச்சி வீட்டுக்கு ஒரு இ-பாஸ்

"இந்த வீக்கெண்ட் என்ன பிளான்?"

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு முடிந்ததும் எங்கள் வகுப்பில் கேட்கப்படும் தேசியக் கேள்வி இதுதான். ஒருத்தி சினிமா என்பாள், ஒருத்தி தூக்கம் என்பாள். நான் மட்டும் கொஞ்ச நாளாக ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "வத்தலக்குண்டு போகணும்டி, அம்மாச்சியப் பாக்கணும்."

போன வாரம் ஒரு தோழி திருப்பிக் கேட்டாள். "இதைத்தானே போன மாசமும் சொன்ன? போனியா இல்லையா?"

போகவில்லை. என்ன காரணம் சொல்வது என்று யோசித்தபோதுதான் 2020 ஞாபகம் வந்தது. ஒரே ஒரு சனிக்கிழமைக்காக அஞ்சு மாதம் திட்டம் போட்ட கதை அது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு மதுரையில். அப்பாவுக்கு ஜெராக்ஸ் கடை. கூடவே பிரிண்ட் அவுட், ஆன்லைன் விண்ணப்பம் என்று கலந்துகட்டி ஓடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை லீவு. அதனால் மாதத்தில் இரண்டு ஞாயிறு, ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் வாடிப்பட்டி, நிலக்கோட்டை தாண்டி வத்தலக்குண்டு. தாத்தா இறந்ததிலிருந்து அம்மாச்சி அங்கே தனியாகத்தான் இருக்கிறார். மாமா திருப்பூரில் வேலை. "இங்க வந்து இரும்மா" என்று அம்மா எத்தனையோ முறை கூப்பிட்டாயிற்று. "ஏன், எனக்கு வீடு இல்லையா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுவார்.

2020 மார்ச் 22ஆம் தேதி ஞாயிறும் ஊருக்குப் போவதாகத்தான் இருந்தோம். அன்று நாடு முழுக்க மக்கள் ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. எனக்கோ அப்போது பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தது. "ஒரு நாள்தானே, அடுத்த ஞாயிறு போகலாம்" என்றார் அப்பா. சாயந்திரம் 5 மணிக்கு மொட்டை மாடியில் நின்று தட்டைத் தட்டினோம். (தம்பி தட்டிய தட்டில் ஒரு நெளிவு விழுந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.)

அந்த "அடுத்த ஞாயிறு" வரவே இல்லை. மார்ச் 24 சாயந்திரம் தமிழ்நாட்டில் 144, நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. 26ஆம் தேதி எழுத வேண்டிய என் கடைசித் தேர்வும் போச்சு. அதற்கு மட்டும் மனசுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது, பொய் சொல்லக்கூடாது :-)

21 நாள் என்றார்கள். பிறகு மே 3 வரை என்றார்கள். அப்புறம் மே 17, அப்புறம் மே 31. ஒவ்வொரு முறையும் அம்மா காலண்டரில் அந்தத் தேதியை அடுத்து வரும் ஞாயிறைப் பேனாவால் வட்டம் போடுவார். அடுத்த அறிவிப்பு வந்ததும் வட்டம் இடம் மாறும். எங்கள் வீட்டு 2020 காலண்டரைப் பார்த்தால் யாரோ பஞ்சாங்க ஆராய்ச்சி செய்தார்கள் என்றுதான் நினைப்பீர்கள்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் அம்மாச்சிதான் எங்கள் வீட்டுக்கு வருவார். மீனாட்சி கல்யாணத்துக்கு வந்தால் அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார். அந்த வருஷம் மே 4ஆம் தேதி திருக்கல்யாணம் சில பட்டர்கள் மட்டும் இருந்து நடந்தது, நேரலையாகக் காட்டினார்கள். அழகர் வைகைக்கு வரவில்லை. திருக்கல்யாணத்தைப் பார்த்துக்கொண்டே அம்மா வீட்டிலேயே தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார். போனில் அம்மாச்சியின் குரல் மட்டும். "மீனாட்சிக்கே கூட்டம் இல்ல, நம்ம எம்மாத்திரம்" என்றார்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் முக்கியமான விஷயம். ஊரடங்கு என்றதும் மாதக்கணக்கில் எல்லாக் கதவும் மூடியே இருந்த மாதிரிதான் நம் எல்லோருக்கும் ஞாபகம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அது உண்மை இல்லை.

ஜூன் 1ஆம் தேதி தமிழ்நாட்டை மண்டலங்களாகப் பிரித்து பஸ் விட்டார்கள். மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஆறு மாவட்டமும் ஒரே மண்டலம், ஐந்தாவது. மண்டலத்துக்குள் போய்வர இ-பாஸ் வேண்டாம். வத்தலக்குண்டு திண்டுக்கல் மாவட்டம். ஆக, பாதி பஸ்கள்தான் ஓடின என்றாலும், முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு பஸ் ஏறியிருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் அம்மாச்சி வீட்டு வாசலில் நின்றிருக்கலாம்.

மூன்று வார இறுதிகள் கையில் இருந்தன. ஜூன் 7: "இப்பத்தான் பஸ் விட்டிருக்கான், கூட்டமா இருக்கும், ஒரு வாரம் போகட்டும்" என்றார் அப்பா. ஜூன் 14: தம்பிக்குச் சளி. சாதாரணச் சளிதான், ஆனால் அந்த நாட்களில் சளி என்ற வார்த்தையையே வீட்டுக்குள் மெதுவாகத்தான் சொல்வோம். வயசானவர் இருக்கும் வீட்டுக்கு அதோடு போக முடியுமா? ஜூன் 21: அமாவாசை, சூரிய கிரகணம். "கிரகணத்தன்னைக்கு யாராவது பிரயாணம் போவாங்களா?" என்றார் அம்மா.

ஒவ்வொரு காரணமும் அந்தந்த வாரத்தில் நியாயமாகத்தான் இருந்தது. ஜூன் 24ஆம் தேதி மதுரை மாநகராட்சியிலும் சுற்றியுள்ள சில ஒன்றியங்களிலும் முழு ஊரடங்கு வந்துவிட்டது. மறுநாளிலிருந்து மாவட்டம் தாண்ட இ-பாஸ். மதுரை முழு ஊரடங்கு நீட்டி நீட்டி ஜூலை 14 வரை போனது. ஜூலை முதல் தேதியிலிருந்து பஸ்ஸும் நின்றது.

அம்மாவின் காலண்டர் வட்டம் அதோடு நின்றுவிட்டது.

கூடவே இன்னொன்றும் வந்தது. ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதத்திலும் எல்லா ஞாயிறும் தமிழ்நாடு முழுக்கத் தளர்வே இல்லாத முழு ஊரடங்கு. பால், மருந்து, ஆஸ்பத்திரி தவிர எதுவும் கிடையாது. அதனால் எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை என்பது சனிக்கிழமைக்கு நகர்ந்துவிட்டது. கறிக்கடைக் கூட்டமெல்லாம் சனிக்கிழமை காலையில். கொரோனா வரக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை அடைந்துகிடப்பதற்காக சனிக்கிழமை ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து கறி வாங்கினோம். நம்மை அடித்துக்கொள்ள ஆளே இல்லை!

மதுரை முழு ஊரடங்கு முடிந்து, ஜூலை பாதிக்கு மேல் அப்பா கடையைத் திறந்தார். பள்ளி, கல்லூரி இல்லாமல் ஜெராக்ஸ் எடுக்க யார் வருவார்கள்? ஒரு நாளைக்கு 150, 200 ரூபாய் தேறினால் அதிகம். வந்தவர்களில் பாதிப்பேர் இ-பாஸ் விண்ணப்பிக்க வந்தவர்கள்தான். நானும் கடையில் உட்கார்ந்து டைப் அடித்துக் கொடுப்பேன். எந்தக் காரணத்துக்காகப் போகிறீர்கள் என்று அதில் கேட்கும். திருமணம், மருத்துவ அவசரம், நெருங்கிய உறவினர் இறப்பு, வேறு ஊரில் சிக்கிக்கொண்டவர்கள் திரும்புவது... ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் இணைக்க வேண்டும். "தனியாக இருக்கும் அம்மாவைப் பார்க்க" என்று ஒரு காரணம் எதிலும் வராது.

ஒருநாள் மத்தியானம் ஒருவர் வந்தார். அப்பா வயசுதான் இருக்கும். கோயம்புத்தூரில் அவருடைய அக்கா இறந்துவிட்டாராம். போனில் வந்திருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினார். "அடக்கம் நாளைக் காலையில" என்றார். நான் டைப் அடிக்க அடிக்கப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். பெயர், வயது, வண்டி எண்ணெல்லாம் சரியாகச் சொன்னவர், "இறந்தவருக்கு நீங்க என்ன உறவு" என்று நான் கேட்டதும் பதில் சொல்லாமல் வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து "தம்பி" என்றார். அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். சாயந்திரம் வரைக்கும் கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அப்பா டீ வாங்கிக் கொடுத்தார். பாஸ் வந்தபோது இருட்டிவிட்டது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததற்கு அப்பா காசு வாங்கவில்லை.

அடுத்த வாரமே பக்கத்து வீட்டு அண்ணன் எங்களுக்கு ஒரு யோசனை சொன்னார். "ஏன் இப்படி முழிக்கிறீங்க? இறப்புன்னு போடுங்க. ஏதாவது ஒரு பழைய சீட்டை ஸ்கேன் பண்ணிப் போட்டா முடிஞ்சது. யாரு போய் பாக்கப் போறா?"

அன்றைக்கு ராத்திரி நான் லேப்டாப்பைத் திறந்தேன். சும்மா பார்க்கலாம் என்றுதான். அம்மா பெயர், வயது, போகும் இடம் வத்தலக்குண்டு. காரணம் என்ற இடத்தில் இறப்பைத் தேர்ந்தெடுத்தேன். அம்மா பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"என்ன எழுதுற?"

சொன்னேன்.

"உயிரோட இருக்கிற எங்க அம்மாவ நீ சாகடிச்சுத்தான் என்னையக் கூட்டிட்டுப் போகப்போறியா?"

கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அப்பாவும் எழுந்து வந்தார். அவர் வேறு ஒன்று சொன்னார். "அன்னைக்கு ஒருத்தர் வந்தாருல்ல கோயம்புத்தூருக்கு. நாம ஒரு பொய் போட்டோம்னா அந்த மாதிரி ஒருத்தருக்கு இன்னும் ஒரு மணி நேரம் லேட்டாகும்."

அப்படியே மூடிவிட்டேன். அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அம்மா சொன்னது வெறும் சகுன நம்பிக்கை என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. அம்மாச்சியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம், ஆனால் அந்த ஒரு நிமிஷம் எனக்கு அம்மாச்சி ஒரு காரணமாக மட்டும்தான் தெரிந்தார்.

ஆகஸ்ட் 14ஆம் தேதி அறிவிப்பு வந்தது. 17ஆம் தேதியிலிருந்து ஆதார் அல்லது ரேஷன் கார்டு விவரமும் போன் நம்பரும் கொடுத்து விண்ணப்பித்தால் உடனே இ-பாஸ் கிடைக்கும். காரணத்துக்காகத் தவம் இருக்க வேண்டாம்!

இனிமேல்தான் உண்மையான பிளான். வீட்டுக்கு ஒரே டெக்னிக்கல் ஆள் என்ற முறையில் பொறுப்பு என் தலையில். பழைய ரஃப் நோட்டில் எழுதினேன். பஸ் கிடையாது, வாடகைக் கார்தான். ஞாயிறு முழு ஊரடங்கு, அதனால் சனிக்கிழமையே போய் சனிக்கிழமையே திரும்ப வேண்டும். ஆகஸ்ட் 22 சனி, விநாயகர் சதுர்த்தி வேறு. பொது இடத்தில் பிள்ளையார் வைக்க அந்த வருஷம் அனுமதி இல்லை, எல்லோரும் வீட்டோடுதான். ஆகவே ரோட்டில் கூட்டம் இருக்காது. வாடகை போகவர 2,400 ரூபாய். காரில் டிரைவர் தவிர மூன்று பேர்தான். நாங்களோ நாலு பேர்.

யார் நிற்பது என்று நான் கேட்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார். "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் பிள்ளையாருக்குப் பூசை போட்டுக்கிறேன்." அந்த 2,400 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று அப்போது நான் கேட்கவில்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, பேப்பர் சப்ளை செய்பவருக்குக் கொடுக்க எடுத்து வைத்திருந்த பணம்.

சனிக்கிழமை காலை 8 மணிக்குக் கிளம்பினோம். வாடிப்பட்டி தாண்டி மாவட்ட எல்லையில் நிறுத்தினார்கள். வத்தலக்குண்டு கொடைக்கானல் போகும் வழி. அங்கே சுற்றுலாப் பயணிகளை அனுமதிக்காத நேரம் அது. போலீஸ்காரர் என் கையிலிருந்த பேப்பரையும் எங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கொடைக்கானலா?"

"இல்ல சார், எங்க அம்மா வீடு" என்றார் அம்மா. டிபன் கேரியரைத் தூக்கிக் காட்டினார். உள்ளே கொழுக்கட்டை. அதைவிடப் பெரிய ஆதாரம் எந்த இ-பாஸிலும் கிடையாது. போகச் சொல்லிவிட்டார்.

அம்மாச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கார் நின்றதும் எழுந்து வேகமாக வந்தார். எப்போதும் என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து நெட்டி முறிப்பார். கையைத் தூக்கிக்கொண்டு வந்தவரைப் பார்த்து அம்மா, "அம்மா, கிட்ட வராதம்மா" என்றார்.

அம்மாச்சி அப்படியே நின்றுவிட்டார். தூக்கிய கையைத் தன் தலையிலேயே வைத்து நெட்டி முறித்துக்கொண்டு, "ஆமால்ல, மறந்துட்டேன் தாயி" என்றார்.

வீட்டுக்குள் போகவேண்டாம் என்பது எங்கள் பிளான். அம்மாச்சியின் பிளான் வேறு. கூட்டிப் பெருக்கி, பாய் விரித்து, நாலு இலை நறுக்கி வைத்திருந்தார். "உங்கப்பா வரலையா?" என்று நாலாவது இலையைப் பார்த்துக் கேட்டார். கார் கணக்கைச் சொன்னேன். "மூணு பேருக்குத்தான் எடமா? நல்ல சட்டம் போட்டான்" என்றார். கடைசியில் திண்ணையில் ஒரு கோடியில் அவரும் மறு கோடியில் நாங்களுமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அஞ்சு மாதக் கதையையும் முகக்கவசத்துக்கு மேலாகப் பேசித் தீர்த்தோம். காது கொஞ்சம் மந்தம் என்பதால் எல்லாவற்றையும் இரண்டு முறை. தெருவுக்கே எங்கள் குடும்ப விஷயம் தெரிந்திருக்கும்.

மூன்றரை மணிக்கு டிரைவர் எட்டிப் பார்த்தார். நாங்கள் எழுந்தோம்.

"ராத்திரி தங்கலையா?"

"நாளைக்கு முழு ஊரடங்கும்மா. இன்னைக்கே போயிரணும்."

"நாளைக்குத்தான் எல்லாத்தையும் மூடுறானுகளே. அந்தக் கதவ இங்கனயே மூடிக்கிட்டு இருங்களேன். திங்கக்கிழமை போனா ஆகாதா?"

அம்மா பதில் சொல்லவில்லை. கார் வாடகை, அங்கே தனியாக இருக்கும் அப்பா, எங்களால் இவருக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம், எல்லாமே நியாயமான காரணங்கள். கிளம்பிவிட்டோம். நிலக்கோட்டை வரும்வரை காரில் யாரும் பேசவில்லை.

மறுநாள் ஞாயிறு. தெருவில் ஈ காக்கை இல்லை. மத்தியானம் பாத்திரம் துலக்கிக்கொண்டே அம்மா தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். "தங்கியிருக்கலாம்."

ஆகஸ்ட் முடிந்ததும் ஞாயிறு ஊரடங்கு போனது, இ-பாஸும் போனது. செப்டம்பர் 7லிருந்து மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடியது. அப்புறம் 2021 ஏப்ரலில் மறுபடி ஞாயிறு ஊரடங்கு, மே மாதம் முழு ஊரடங்கு. 2022 ஜனவரியிலும் மூன்று ஞாயிறு மூடினார்கள். அதில் 16ஆம் தேதி காணும் பொங்கல். யாரையும் காண முடியாத காணும் பொங்கல்! அதெல்லாம் முடிந்தும் வருஷங்கள் ஆகிவிட்டன.

இப்போது அம்மாச்சிக்கு 78 வயது. நன்றாகத்தான் இருக்கிறார். முழங்கால் வலியைத் தவிர வேறு புகார் இல்லை. ஆரப்பாளையத்தில் பஸ் நிற்கிறது. பாஸ் வேண்டாம், முகக்கவசம் வேண்டாம், மூன்று பேர் கணக்கு இல்லை. நான் கடைசியாகப் போய் நாலு மாதம் ஆகிறது.

செமினார், அசைன்மென்ட், ஒரு கல்யாணம், ஒரு தலைவலி. ஜூன் 7, ஜூன் 14, ஜூன் 21 மாதிரியே ஒவ்வொன்றும் அந்தந்த வாரத்தில் நியாயமான காரணம். 2020இல் போக முடியாததற்கு அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே இருந்தோம். ஆனால் கதவு திறந்திருந்த மூன்று வாரமும் எங்களை நிறுத்தி வைத்தது அரசாங்கம் இல்லை. இந்த நாலு மாதமும் இல்லை.

போன ஞாயிறு போனில் "இந்த வாரம் வர முடியல அம்மாச்சி" என்று ஆரம்பித்தேன். முழுசாகச் சொல்லவிடவில்லை.

"ஏன், பாசு கெடைக்கலையா தாயி?" என்றார். அவருடைய சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நாளைக்குச் சனிக்கிழமை. திங்கட்கிழமை ஒரு அசைன்மென்ட் கொடுக்க வேண்டும், இன்னும் பாதிகூட எழுதவில்லை. பையில் எடுத்து வைத்துவிட்டேன், திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம். காலை 7 மணிக்கு ஆரப்பாளையம். இந்தத் தடவை ராத்திரி தங்குகிறேன்.